காபி கொடுத்த நர்ஸ்

ஜூலை 3, திங்கள்

கிரிதரன் இன்று மீட்டிங் போட்டார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு மனிதவள மேலாளராக வந்து சேர்ந்தவர். அதற்கு முன்னால் சென்னையில் ஏதோ பெரிய ஓட்டலில் இருந்தாராம். இன்னும் அந்த ஓட்டல் வாசலில் நின்று கதவு திறந்துவிடுவதாகத்தான் நினைப்பு. நோயாளியை 'கெஸ்ட்' என்கிறார். ஐ.சி.யூ.வில் வாயில் சுவாசக் குழாயோடு கிடப்பவரும் கெஸ்ட்தான். செத்துப் போனால் என்ன சொல்வீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. 'செக் அவுட்' என்று சொல்லித் தொலைத்தால் நான் சிரித்துவிடுவேன் என்று அடக்கிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். வார்டுகளில் நர்ஸ்களுக்கும் நோயாளிகளின் உறவுக்காரர்களுக்கும் சண்டை அதிகமாகிவிட்டதாம். அதனால் நர்சிங் காலேஜ் பிள்ளைகளுக்கு, சண்டையைச் சமாளிப்பது எப்படி என்று நடித்துப் பழகுகிற மாதிரி பத்துக் காட்சிகள் எழுத வேண்டுமாம். அதைப் புத்தகமாக அச்சடிப்பார்களாம். யார் எழுதுவது? தகவல் தொடர்புப் பாடம் எடுக்கிற செண்பகவல்லி மேடம், அதாவது நான்.

"ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம் மேடம். கடைசியில எல்லாரும் சிரிச்ச முகமா முடியணும்" என்றார்.

திண்டுக்கல்லில் எந்த ஆஸ்பத்திரி வார்டிலாவது எல்லோரும் சிரித்த முகமாக முடிந்த சண்டையை அவர் பார்த்திருந்தால் எனக்கும் காட்டட்டும். நான் பதினான்கு வருஷம் வார்டில் நின்றவள். பார்த்ததில்லை.

வீட்டில் தக்காளி ரசம். வீட்டுக்காரர் சாப்பிட்டார், டி.வி. பார்த்தார், படுத்தார்.

ஜூலை 5, புதன்

முதல் காட்சி எழுதினேன். பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு பெங்களூரிலிருந்து நோயாளியின் மூத்த மகள் வந்து நிற்கிறாள். நர்ஸ் உள்ளே விடக் கூடாது. அவ்வளவுதான்.

இதை எழுதுவது அப்படியொன்றும் சுலபமில்லை. இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஒரு அட்டை. அட்டையில் அவரவருக்கு என்ன வேண்டும் என்று இருக்க வேண்டும். எதிராளிக்குத் தெரியாத ஒரு விஷயமும் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். மகளின் அட்டையில்: 'போன முறை அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினேன்.' நர்ஸின் அட்டையில்: 'நேற்று ஒருவரை உள்ளே விட்டதற்குத் திட்டு வாங்கினேன்.' யாரையும் கெட்டவராக எழுதக் கூடாது. எழுதினால் நடிக்கிறவர்கள் மீசை முறுக்கி வில்லன் வேஷம் கட்டிவிடுவார்கள். முக்கியமாக, முடிவை எழுதவே கூடாது. முடிவு நடிக்கிறவர்கள் வாயிலிருந்து வர வேண்டும்.

நான்காம் வருஷப் பிள்ளைகளை வைத்து நடத்திப் பார்த்தேன். ரிஸ்வானா நர்ஸ். எதிராளி வாயைத் திறப்பதற்குள் அழுதுவிட்டாள். அவளை எந்த வேஷத்தில் போட்டாலும் அழுவாள், கதவாகப் போட்டாலும் அழுவாள். மகளாக நடித்தது நாகஜோதி. போடி பக்கம், அப்பா ஜீப் ஓட்டுகிறார். வகுப்பில் கடைசி பெஞ்சில் குனிந்தே உட்கார்ந்திருக்கிற பெண். எழுந்து வந்து, "எங்கம்மாவ நான் பாக்கக் கூடாதுன்னு சொல்ல நீ யாருடி?" என்று ஒரு அதட்டு அதட்டினாள். பக்கத்து வகுப்பு லெக்சரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"எங்கேருந்து வருது இவ்வளவு கோவம்?" என்று கேட்டேன்.

"அட்டையில இருந்துச்சே மேடம்" என்றாள்.

ஜூலை 7, வெள்ளி

கிரிதரன் இதுவரை எழுதிய நான்கு காட்சிகளையும் சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருக்கிறார். ஒவ்வொன்றின் அடியிலும் 'முடிவு எங்கே?' நர்ஸின் ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் அடைப்புக்குறியில் 'புன்னகையுடன்' என்று சேர்த்திருக்கிறார். ஒரு இடத்தில் உறவினர் "எங்கப்பா மூச்சு விடலை, ஓடி வாங்க" என்கிறார். அங்கேயும் நர்ஸ் புன்னகையுடன்.

அவருடைய அறைக்கே போய்ச் சொன்னேன். "சார், மூச்சு விடாதவர் பக்கத்துல நின்னு சிரிச்சா அடிதான் விழும்."

"புன்னகைன்னா சிரிப்பு இல்ல மேடம். ஒரு வார்ம்த்."

வார்ம்த்தாம். வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதற்கு இவரை வேலைக்கு வைத்திருக்கலாம்.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னேன். வாசலில் நின்றுகொண்டிருந்தவர் வந்து சிலிண்டரை மாற்றிவிட்டுப் போனார். நல்ல அடுப்பு. சொன்னதைக் கேட்கிறது.

ஜூலை 10, திங்கள்

ஆறு காட்சிகள் முடிந்தன. நாத்தனார் போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

ஜூலை 12, புதன்

இன்று காலை நாகஜோதியை ஒருவன் கன்னத்தில் அறைந்துவிட்டான்.

இரண்டாவது மாடி, தனியறை. அவளுக்கு இந்த வாரம் அங்கேதான் வார்டு பயிற்சி. வயசானவருக்குக் குடலில் ஆபரேஷன். இரவிலிருந்து வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. மகன் சௌந்தரபாண்டியன், கான்ட்ராக்டர். எங்கள் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தைக் கட்டிக்கொண்டிருக்கிற மகராசன் அவர்தான். வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து, அப்பா வாய் வறண்டு கிடக்கிறாரே என்று டம்ளரில் ஊற்றியிருக்கிறார். நாகஜோதி குறுக்கே போய், "குடுக்கக் கூடாதுங்க சார், மயக்க ஊசி போடணும்" என்றிருக்கிறாள். அவர் கேட்கவில்லை. பெரியவர் உதட்டுக்கு டம்ளர் போகிற நேரத்தில் இவள் அதைப் பிடுங்கி வாஷ்பேசினில் கொட்டிவிட்டாள். அதற்குத்தான் அறை.

நான் போனபோது நர்ஸ்கள் அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து விரலும் கன்னத்தில் பதிந்திருந்தன. அழவில்லை. பக்கத்தில் ரிஸ்வானா அவளுக்கும் சேர்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன சொல்லி அடிச்சான்?"

"எதுவும் சொல்லல மேடம். அடிச்சிட்டு ஃபிளாஸ்க்க மூடுனாரு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். முடியாமல் என்ன, வயிறு காலியாக இருந்ததே.

ஜூலை 13, வியாழன்

பிரின்சிபால் எஸ்தர் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். கிரிதரனும் இருந்தார். சௌந்தரபாண்டியன் புகார் கொடுத்திருக்கிறாராம். அறைந்ததற்கு அல்ல. டம்ளரைப் பிடுங்கியதற்கு. 'மரியாதை இல்லாமல் நடந்துகொண்டாள்.'

"அந்தப் பொண்ணு அவர்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சுபோச்சு" என்றார் எஸ்தர் மேடம்.

"எதுக்கு மன்னிப்பு?"

"எதுக்குன்னு எல்லாம் சொல்ல வேண்டாம் செண்பகம். பொதுவா."

பொதுவாக மன்னிப்புக் கேட்பது! வாயில் ஒரு கிராம்பு போட்டுக்கொள்வது மாதிரி. பல்வலி இல்லாவிட்டாலும் மணக்குமே.

"கேக்கலன்னா?"

கிரிதரன் மேஜையில் இருந்த பேனாவை நேராக வைத்தார். எஸ்தர் மேடம் ஜன்னலைப் பார்த்தார். "அடுத்த மாசம் கடைசிப் பரீட்சை. ஹால் டிக்கெட் காலேஜ் மூலமாத்தானே வரும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எஸ்தர் மேடம் கத்தி எடுத்தாலும் பஞ்சு சுற்றித்தான் எடுப்பார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். கதவைச் சத்தமாகச் சாத்தினேன். தானாக மூடுகிற கதவு, அது மெள்ள ஸ்ஸ்ஸ் என்று மூடியது. இந்தக் கட்டடத்தில் கோபத்துக்குக் கூட வழி வைக்கவில்லை.

ஜூலை 14, வெள்ளி

கிரிதரனுக்கு ஒரு யோசனை உதித்திருக்கிறது. நடந்ததையே பத்தாவது காட்சியாக எழுத வேண்டுமாம். "ரியல் லைஃப் லேர்னிங் மேடம். நர்ஸ் எங்க தப்புப் பண்ணுனாங்க, எப்படி சாரி சொல்லியிருக்கலாம்னு பிள்ளைங்க கத்துக்கலாம்."

எழுதுகிறேன் என்று சொன்னேன்.

உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. வேறு ஞாபகம் வந்து தொலைத்தது. அதை எழுதிவிட்டால் போய்விடும்.

வைகாசியில் நாத்தனார் காந்திமதியின் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வருகிறான். அத்தை முறைக்கு நானும் ஆரத்தித் தட்டை எடுத்தேன். சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் காந்திமதி மதினி சொன்னார்: "நீ எதுக்கு செண்பகம்? பெட்பேன் எடுத்த கை. வேற யாராச்சும் எடுங்கடி."

நான் தட்டைக் கீழே வைத்தேன். "உங்கம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப இந்தக் கைதான் மதினி எடுத்துச்சு. நீங்க வாசப்படியில நின்னு மூக்கப் பொத்திக்கிட்டு எட்டிப் பாத்துட்டுப் போனீங்க."

அவ்வளவுதான் சொன்னேன். ஒரு வார்த்தை பொய் கிடையாது.

அப்புறம் என் வீட்டுக்காரர் தயாளன், மின்வாரியத்தில் எத்தனையோ கம்பத்தில் ஏறின தைரியசாலி, அக்காவை மணமகன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் என் சார்பாக மன்னிப்புக் கேட்டாராம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு சித்தி சொல்லித்தான் தெரியும். "தங்கமான புருஷன்டி உனக்கு. அக்கா கால்ல விழாத குறையா கேட்டான்" என்றார். பாயசம் அப்படியே இலையில் இருந்தது.

அன்றிலிருந்து அவரிடம் பேச எனக்கு எதுவும் இல்லை. கோபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. வாசலில் கோலம் போட்டேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைக்கிறார்கள், காந்திமதி மதினி குடும்பமும் வருகிறது என்று அவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அறிவித்தார். செய்தித்தாள் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பத்தாவது காட்சி மூன்று தடவை எழுதியாயிற்று. மூன்றையும் கிரிதரன் திருப்பி அனுப்பிவிட்டார். "இதுல நர்ஸோட தப்பு தெரியலையே மேடம்?"

தெரியாது. இருந்தால்தானே தெரியும்.

ஆனால் ஒன்று. சௌந்தரபாண்டியனின் அட்டையை எழுதும்போது எனக்கே எரிச்சலாக இருந்தது. 'அப்பா கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. நேற்றிலிருந்து தண்ணீர் கேட்கிறார். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.' இப்படி எழுதியதும் அந்த மடையன் மேல் கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது. அந்த வரிகளைப் பேனாவால் அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. விதி விதிதான், யாரும் கெட்டவர் இல்லை.

ஜூலை 18, செவ்வாய்

மதியம் நாகஜோதியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "எந்தக் காரணத்தைக் கொண்டும் மன்னிப்புக் கேட்காதே. நான் பாத்துக்கறேன்."

"சரிங்க மேடம்."

"பரீட்சைய நினைச்சுப் பயப்படாத. அப்படியெல்லாம் நிறுத்திட முடியாது."

"சரிங்க மேடம்."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"பிரின்சிபால் மேடம் போன் பண்ணிச் சொல்லிட்டாங்க."

அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் பேசவிடவில்லை என்று நினைக்கிறேன், கிரிதரனைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருந்தது.

ஜூலை 20, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

புத்தகம் அச்சுக்குப் போகும் முன் துறைத் தலைவர்கள் முன்னால் ஒரு காட்சியை நடித்துக் காட்ட வேண்டும் என்பது கிரிதரனின் ஏற்பாடு. கருத்தரங்கு அறை. ஆளுக்கொரு சமோசா. எஸ்தர் மேடம் முன்வரிசையில். அவர் பக்கத்தில் மயக்க மருந்து டாக்டர் மெஹருன்னிசா. அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆபரேஷன் தியேட்டரை விட்டு எந்த விழாவுக்கும் வராத மனுஷி. முந்தின நாள் லிஃப்டில் பார்த்து, வந்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

நான் கிரிதரனிடம் போய், "சார், பத்தாவது காட்சிய எடுத்துக்கலாம். நர்ஸா நீங்களே நடிங்க. எப்படிப் பேசணும்னு எல்லாரும் பாக்கட்டும்" என்றேன்.

மனுஷனுக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. "நானா மேடம்? ஓகே, ஒய் நாட்" என்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். பாவம், யாரும் இதுவரை கேட்டதே இல்லை போல.

பெஞ்சில் பெரியவராக ரிஸ்வானாவைப் படுக்க வைத்தேன். படுத்துக்கொண்டு அழுதால் வலி என்று நினைத்துக்கொள்வார்கள். மகனாக நாகஜோதி. கையில் ஃபிளாஸ்க், டம்ளர். நர்ஸின் அட்டையில் நான் எழுதியது இரண்டே வரி: 'இன்னும் சற்று நேரத்தில் ஆபரேஷன். நோயாளி எதுவும் குடிக்கக் கூடாது.' முடிவு எழுதவில்லை.

நாகஜோதி காபியை ஊற்றினாள். கிரிதரன் கைகளைக் கட்டிக்கொண்டு வந்தார், புன்னகையுடன்.

"வணக்கம் சார். உங்க ஃபீலிங்ஸ் எனக்குப் புரியுது."

"புரிஞ்சா தள்ளி நில்லு."

"சார், ஒரு நிமிஷம் உக்காந்து பேசலாமா?"

"எங்கப்பா தொண்ட காஞ்சு கெடக்காரு, உனக்கு உக்காந்து பேசணுமா? உன் மேனேஜர் யாரு? அந்த கிரிதரனா? கூப்புடு அவன. என்னப் பாத்தா எந்திரிச்சு நிப்பான்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை. கிரிதரனின் புன்னகை கொஞ்சம் ஆடியது, ஆனால் விழவில்லை.

"சார், எங்க ரூல்ஸ் என்னன்னா..."

"ரூல்ஸா?" நாகஜோதி ஒரு எட்டு முன்னால் வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "இந்தக் கட்டடத்துல ஒரு செங்கல் யாரு வச்சதுன்னு கேட்டுட்டு வா. அப்புறம் ரூல்ஸ் பேசு."

நான் அந்த வரியை எழுதவில்லை. அவளாகச் சொன்னது. கிரிதரன் எங்களையெல்லாம் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். பிறகு ஓட்டல் ஞாபகம் அவரைக் காப்பாற்ற வந்துவிட்டது.

"ஓகே சார். உங்களுக்காக, ஸ்பெஷலா, ரெண்டே ரெண்டு வாய் மட்டும்" என்று அவரே டம்ளரை வாங்கி, அவரே ரிஸ்வானா வாயில் வைத்தார். அந்தப் பிள்ளையும் குடித்துவிட்டாள். கிரிதரன் நிமிர்ந்து, சுமுகமான முடிவு எப்படி என்பது போல் எங்களைப் பார்த்தார். இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

"நல்லா இருந்துச்சு" என்றார் டாக்டர் மெஹருன்னிசா. சமோசாத் தட்டைக் கீழே வைத்தார். "இப்ப நான் வந்து மயக்கம் குடுக்கறேன். வயித்துல இருக்கற அந்தக் காபி மேல வரும். நுரையீரலுக்குள்ள போகும். இவர் வயசுக்குப் பொழைக்கறது கஷ்டம். அப்புறம் வெளிய வந்து அந்த மகன்கிட்ட யாரு சொல்றது மிஸ்டர் கிரிதரன்? நானா, நீங்களா?"

கிரிதரன் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"நெஜமா அன்னைக்கு டம்ளரப் புடுங்கின பொண்ணு யாரு?"

"நான்தான் டாக்டர்" என்றாள் நாகஜோதி.

டாக்டர் அவள் கன்னத்தைப் பார்த்தார். "தேங்க்ஸ்மா" என்றார். எழுந்து, எஸ்தர் மேடத்திடம், "அந்தப் புகார் என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுத் தியேட்டருக்குப் போய்விட்டார்.

எஸ்தர் மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. நாகஜோதியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் ஃபிளாஸ்க்கைக் கழுவப் போய்விட்டாள். கூச்சம் போல.

ஜூலை 21, வெள்ளி

கூச்சம் இல்லை.

கேன்டீனில் பிடித்துவைத்துச் சொன்னேன். "இனிமே எவனும் உன்ன மன்னிப்புக் கேக்கச் சொல்ல மாட்டான்."

அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "மேடம், நான் செவ்வாக்கிழமையே கேட்டுட்டேன்."

"எதை?"

"மன்னிப்பு. சாயங்காலம் பிரின்சிபால் மேடம் கூட்டிட்டுப் போனாங்க."

நான் அன்று மதியம்தான் அவளிடம் கேட்காதே என்று சொல்லியிருந்தேன். சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று தலையாட்டிவிட்டுப் போய்க் கேட்டிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஒனக்கெல்லாம் வெக்கமே இல்லையா? ஒனக்காக நான் அத்தன பேர் முன்னால..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க எனக்காகச் சண்ட போட்டீங்க மேடம். யாரும் போட்டதில்ல. ஆனா என்னையக் கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்."

"என்ன சொல்லியிருப்ப?"

"எங்கப்பா, படிச்சது போதும் கெளம்பி வான்னுட்டாரு. ஜீப்ப எடுத்துட்டு வரேன்னாரு. மாப்பிள்ளையும் பாத்து வச்சிருக்காரு. ஒரு பரீட்ச தள்ளிப் போச்சுன்னா அதோட எனக்கு முடிஞ்சது. அற வாங்குனது வலிச்சிச்சு மேடம். ஆனா மன்னிப்புங்கறது ஒரு வார்த்த, சொல்லிட்டு வந்துரலாம். எனக்கு இந்தக் கட்டடத்துல இருந்து நர்ஸா வெளிய போகணும்."

"அந்த ஆள் என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"ம், சரி, போன்னாரு. அன்னைக்குத்தான் பெரியவருக்குக் காபி குடுக்கலாம்னு டாக்டர் எழுதியிருந்தாங்க. அவரு மகன் டம்ளர்ல ஊத்தி நீட்டிக்கிட்டே நிக்காரு. பெரியவரு வாங்கல. என்னையப் பாத்து, 'இப்ப நான் குடிக்கலாமாம்மா?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"குடிங்க தாத்தான்னேன். அப்புறம்தான் வாங்குனாரு."

டீயைக் குடித்து முடித்தாள். அவளுக்கு அதைச் சொன்னதில் கொஞ்சம் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. எனக்கு அடுத்த வகுப்பு இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினேன். வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு வகுப்பே கிடையாது.

ஜூலை 22, சனி

புத்தகம் அச்சுக்குப் போகிறது. ஒன்பது காட்சிகள். பத்தாவது, 'நேரம் அதிகம் எடுப்பதால்' நீக்கப்பட்டது. மேலட்டையில், உருவாக்கம்: கிரிதரன். உள்ளே எங்கேயோ பொடி எழுத்தில் 'உதவி: செம்பகவள்ளி'. என் பேரில் இரண்டு பிழை. இதையாவது புன்னகையுடன் செய்திருப்பார்.

நாகஜோதிக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது. நானே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஜூலை 23, ஞாயிறு

காலையில் அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். கீரையைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்தே கேட்டேன்.

"உங்கக்காகிட்ட அன்னைக்கு என்னன்னு மன்னிப்புக் கேட்டீங்க?"

கீரைக் காம்பு கையில் அப்படியே நின்றது. இவ்வளவு நாள் கழித்து நான் பேசியதில் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"அது... எதுக்கு இப்ப?"

"எந்த வார்த்தையில கேட்டீங்க? அப்படியே சொல்லுங்க."

காம்பைத் தட்டில் போட்டார். "'அக்கா, அவ கோவத்துல எல்லார் முன்னாடியும் பேசிட்டா, மன்னிச்சிரு. ஆனா அவ சொன்னது பொய்யில்ல. நம்ம அம்மாவ அவதான் பாத்தா. இன்னொரு தடவ அவ கையப் பத்திப் பேசாத'ன்னேன்."

பந்தியில் சொன்ன சித்தி இதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார், அல்லது பாதியைத்தான் சொன்னார். நான் மீதியை யாரிடமும் கேட்கவில்லை.

"இத என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ எங்க பேசவிட்ட? அடுப்புக்கிட்டயும் ஃபிரிட்ஜுக்கிட்டயும்ல பேசுன."

"சரி. அதுக்கு அக்கா என்ன சொன்னாங்க?"

அவர் கீரையைக் கிளறினார். "ஒண்ணும் சொல்லல. கேட்டுச்சான்னு தெரியல."

"ஏன்?"

"பின்னாடி சொன்னத நான் கொஞ்சம் மெதுவாச் சொன்னேன். மேளம் வேற அடிச்சுக்கிட்டிருந்தாங்க."

சிரிக்கவா, கீரைத் தட்டைத் தலையில் கவிழ்க்கவா என்று எனக்குத் தெரியவில்லை. கம்பத்தில் ஏறி மின்னல் மாதிரி ஓடுகிற கரண்டைத் தொடுவார். அக்காவிடம் ஒரு வாக்கியத்தை மேளச் சத்தத்துக்கு அடியில் ஒளித்துவைத்துச் சொல்லியிருக்கிறார்.

"வெள்ளிக்கிழம கோயில்ல பொங்கல் வைக்கறப்ப மேளம் கெடையாது" என்றேன்.

"அதனால?"

"அங்க சொல்லுங்க. எல்லாரும் இருப்பாங்க."

"எல்லார் முன்னாடியுமா?"

"அவங்க எல்லார் முன்னாடியும்தான சொன்னாங்க?"

அவர் முகத்தில் வேர்த்துவிட்டது. எழுந்து உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. "எப்படி ஆரம்பிக்கறது?" என்று கேட்டார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்தேன். கால்மேல் கால் போட்டுக்கொண்டேன். முந்தானையை இழுத்து, மூக்கைச் சுளித்து, காந்திமதி மதினி பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தேன்.

"என்னடா தம்பி, என்ன விஷயம்?"

அவர் கீரைத் தண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "அக்கா... வந்து... செண்பகம் கையப் பத்தி..."

"கேக்கல."

"செண்பகம் கையப் பத்தி நீ..."

"கேக்கலடா. எனக்குக் காது மந்தம்."

மூன்றாவது தடவை அவர் சொன்னபோது மாடி வீட்டுப் பெண் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னக்கா, என்ன சண்ட?" என்று கேட்டாள்.

"சண்ட இல்ல" என்று அவரே மேலே பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னொரு தடவ சொல்லிப் பாக்கறேன், நீ கொஞ்சம் மொறைச்சுப் பாரு" என்றார்.